தவணை தவறலாமா?



கணக்கு என்று வந்துவிட்டால் வியாபாரியை யாரும் ஏமாற்ற முடியாது. யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது, மொத்த வியாபாரிக்கு எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும், சீட்டுத் தவணை என்றைக்கு, வண்டியின் இன்சூரன்ஸ் எந்த மாதம் முடிகிறது, கடை லைசென்ஸை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். எழுதியும் வைத்திருப்பார். ஒரு தவணை தவறினால் வட்டியும் அபராதமும் வாசலில் வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அதே வியாபாரியிடம் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உங்கள் கைக்குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு?" நம்மில் எத்தனை பேர் உடனே பதில் சொல்வோம்? "வீட்டில் கேட்டால் தெரியும்" என்போம். வீட்டில் கேட்டால், "அட்டை எங்கம்மா வீட்டில் இருக்கிறது" என்ற பதில் வரும். அம்மா வீடு லால்பேட்டையில் இருக்கும், பரங்கிப்பேட்டையில் இருக்கும், நெல்லிக்குப்பத்தில் இருக்கும். குழந்தையோ நெய்வேலியில் வளர்ந்துகொண்டிருக்கும்!

கடைக்கு ஒரு பேரேடு உண்டு. பெற்ற பிள்ளையின் உயிருக்குப் பேரேடு எங்கே? அதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச விரும்புகிறோம்.

நெய்வேலியில் ஏன் இந்தப் பேச்சு?

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட நாளிலிருந்து, நெய்வேலி வந்து சேர்ந்தவர்களின் ஊர். சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் கொடுத்துவிட்டு வேறிடம் பெயர்ந்த கிராம மக்கள் ஒரு பக்கம். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்து நகரியத்தின் வட்டங்களில் குடியிருப்பவர்கள் ஒரு பக்கம். இவர்களை நம்பி மந்தாரக்குப்பத்திலும் வடலூரிலும் நகரியத்துக் கடைத்தெருக்களிலும் தொழில் செய்பவர்கள் இன்னொரு பக்கம். பணி ஓய்வு வந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஒப்பந்த வேலை முடிந்தால் வீடு மாற வேண்டும். வியாபாரம் சரியில்லை என்றால் வளைகுடாவுக்கு விமானம் ஏற வேண்டும்.

இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்தில்தான் குழந்தையின் தடுப்பூசிக் கணக்கு தொலைந்து போகிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். முதல் ஊசிகள் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தை தகப்பன் வீட்டுக்கு வருகிறது. அந்த ஊர்ச் செவிலியர், "இங்கிருந்து போய்விட்டார்கள்" என்று குறித்துக்கொள்கிறார். இந்த ஊர்ச் செவிலியருக்கோ இப்படி ஒரு குழந்தை வந்திருப்பதே தெரியாது. இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவில் நம் பிள்ளை நிற்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தடுப்பூசி வேண்டாம் என்று பிடிவாதமாக மறுப்பவர்கள் மட்டுமே பிரச்சினை என்று நினைக்காதீர்கள். முதல் ஊசிக்கு ஆர்வத்தோடு ஓடிவிட்டு, அடுத்தடுத்த தவணைகளை மறந்துவிடுவதும் அதே அளவு ஆபத்து. மறுப்பவருக்கு விளக்கம் சொல்லிவிடலாம். மறப்பவருக்கோ தாம் மறந்துவிட்டோம் என்பதே தெரியாது!

கணக்கு இதுதான்

அரசின் தடுப்பூசித் திட்டம் 1985 முதல் நாடு முழுவதும் நடந்து வருகிறது. எல்லாம் இலவசம். நிரந்தர ஊழியரின் பிள்ளை, ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை, பெட்டிக்கடைக்காரரின் பிள்ளை என்ற வேறுபாடு இதில் கிடையாது. எந்தெந்த வயதில் என்னென்ன என்பதை ஒவ்வொரு தகப்பனும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிறந்தவுடன்: காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை 'பி' வகைக்கான ஊசி. இதில் மஞ்சள் காமாலை ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஏனென்றால், பிறக்கும்போது தாயிடமிருந்து இந்தக் கிருமி தொற்றும் குழந்தைகளில் 10க்கு 9 பேர் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமக்க நேரிடுகிறது. பிற்காலத்தில் ஈரல் கெட்டுப்போவதற்கு அதுவே காரணமாகிறது.

6ஆம் வாரம், 10ஆம் வாரம், 14ஆம் வாரம்: நம் வீடுகளில் "45ஆம் நாள் ஊசி" என்று சொல்வது இதன் தொடக்கத்தைத்தான். இந்த மூன்று தவணைகளிலும் ஐந்து நோய்களைத் தடுக்கும் 'பென்டாவேலன்ட்' ஊசி உண்டு. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி, மஞ்சள் காமாலை 'பி', மூளை உறைக் காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் 'ஹிப்' கிருமி ஆகியவையே அந்த ஐந்து. நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், இந்த ஊசி தொடங்கப்பட்ட இரண்டு மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. மற்றது கேரளம். இதோடு போலியோ சொட்டு மருந்தும், கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும் மூன்று முறையும் கொடுக்கப்படும். 6ஆம் வாரத்திலும் 14ஆம் வாரத்திலும் போலியோ ஊசியும், நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசியும் உண்டு.

9 மாதம் முடிந்ததும்: தட்டம்மை–ருபெல்லா முதல் ஊசி, நியூமோகாக்கல் கூடுதல் தவணை, வைட்டமின் 'ஏ' திரவம். 2023 ஜனவரி முதல் போலியோ ஊசியின் மூன்றாவது தவணையும் இந்த வயதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய அட்டை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

16 முதல் 24 மாதத்துக்குள்: தட்டம்மை–ருபெல்லா இரண்டாவது ஊசி, முத்தடுப்பு ஊசியின் கூடுதல் தவணை, போலியோ சொட்டு மருந்து. பிறகு 5 முதல் 6 வயதுக்குள் முத்தடுப்பு மீண்டும் ஒரு முறை. 10 வயதிலும் 16 வயதிலும் இரண ஜன்னி, தொண்டை அடைப்பானுக்கான ஊசி.

கடலூர் மாவட்டத்துக்கு இன்னொன்றும் உண்டு. நம் மாவட்டமும் பக்கத்து விழுப்புரமும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை நெடுநாளாக அறிந்த பகுதிகள். நெல்வயல்களில் தேங்கும் நீரில் பெருகும் கொசுக்கள் இந்த நோயைப் பரப்புகின்றன. பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் முடக்கமும் மூளைப் பாதிப்பும் மிஞ்சும். நோய் வந்தபின் அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து இதுவரை இல்லை. எனவே, இந்த நோய் உள்ள மாவட்டங்களில் 9 மாதத்திலும் 16 மாதத்துக்குப் பிறகும் அதற்கென்று ஊசி போடப்படுகிறது. இந்த நோய் இல்லாத ஊரில் பிறந்து இங்கே வந்த குழந்தையின் அட்டையில் இது விடுபட்டிருக்கக்கூடும். செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வாசகர் கேட்கலாம்: "இத்தனையும் நினைவில் நிற்குமா?" நிற்காது! நினைவை நம்பாதீர்கள் என்பதுதான் நாம் சொல்ல வருவது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று யோசித்துப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் அது. தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் அதைச் சிறியது பெரியது என்று பாராமல், சலிப்படையாமல் எழுதி வைக்கச் சொல்கிறது. பணத்தின் தவணையையே எழுதச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், பிள்ளையின் தவணையை நினைவுக்கு விட்டுவிடலாமா?

பாதி ஊசி போதாதா?

"முதல் இரண்டு போட்டாயிற்று, அது போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. தொண்டை அடைப்பான், கக்குவான் போன்ற நோய்களுக்கு உடலில் எதிர்ப்புச் சக்தி படிப்படியாகத்தான் உருவாகிறது. ஒவ்வொரு தவணையும் முந்தையதன் மேல் கட்டப்படும் சுவர். கூடுதல் தவணை என்பது சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும் சுவரை மீண்டும் பூசி உறுதியாக்குவது.

இதற்கு நம் சமுதாயமே விலை கொடுத்திருக்கிறது. 2016இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், மறைந்துவிட்டது என்று எண்ணிய தொண்டை அடைப்பான் திரும்பி வந்தது. பிள்ளைகளைப் பலி கொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஊசியே போடாதவர்கள் அல்லது பாதியில் நிறுத்தியவர்கள். படிப்பும் வளைகுடாப் பணமும் மருத்துவமனைகளும் நிறைந்த மாவட்டம் அது! அதன் பிறகு அங்குள்ள ஆலிம்களும் அரசியல் தலைவர்களும் முன்னால் வந்து தடுப்பூசிக்கு ஆதரவாகப் பேசினார்கள். 2022இன் கடைசி மாதங்களில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவியது. நெருக்கடியான குடிசைகளில் வாழும் ஏழை முஸ்லிம்களின் குழந்தைகள் மாண்டார்கள்.

தட்டம்மையை, "அம்மை போட்டால் தானாக இறங்கிவிடும்" என்று லேசாக எண்ணுகிறோம். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நோயாளிக்கு அருகில் இருந்தால் 10 பேரில் 9 பேரை அது பிடித்துவிடும். நோயாளி எழுந்து போன அறையின் காற்றிலும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் கிருமி இருக்கும். அதனால்தான் ஓர் ஊரில் 100க்கு 95 குழந்தைகளாவது இரண்டு தவணைகளும் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள்.

தமிழகம் எங்கே நிற்கிறது? தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்ற ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகள் 2005–06இல் சுமார் 81 சதவீதம். 2015–16இல் அது சுமார் 70 சதவீதமாகச் சரிந்தது. 2019–21 ஆய்வில் சுமார் 89 சதவீதமாக உயர்ந்தது. சரிந்ததும் நம் மாநிலம்தான், நிமிர்ந்ததும் நம் மாநிலம்தான். கவனம் தளர்ந்தால் மீண்டும் சரியும். விடுபட்டுக் கிடக்கும் 10இல் ஒரு பிள்ளை நம் தெருப் பிள்ளையாக இருக்கக் கூடாது.

வதந்தியும் உண்மையும்

2017 பிப்ரவரியில் நடந்தது நினைவிருக்கிறதா? 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ருபெல்லா ஊசி போடத் தமிழக அரசு முன்வந்தது. வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. "வெளிநாட்டுச் சதி", "பிள்ளைப்பேறு இல்லாமல் போய்விடும்", "நம் பிள்ளைகளைக் குறிவைத்திருக்கிறார்கள்" என்றெல்லாம் பரப்பினார்கள். பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்தச் செய்திகளை அனுப்பியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஒரு மூட்டை அரிசி வாங்கினால்கூட அனுப்பியவர் யார், பில் எங்கே என்று கேட்கும் நாம், பிள்ளையின் உயிர் விஷயத்தில் பெயரில்லாத செய்தியை நம்பிக் கைமாற்றினோம்!

அச்சத்துக்குக் காரணமே இல்லை என்றும் நாம் சொல்ல மாட்டோம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. தமிழகமே அதிர்ந்தது. அதன் பிறகு, கிராமங்களுக்குச் சென்று ஊசி போடுவதை அரசு நிறுத்தி, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையங்களுக்கு அதை மாற்றியது. அந்தத் தாய்மார்களின் கண்ணீரை யாரும் மறைக்க வேண்டியதில்லை. அந்தத் துயரம் நமக்குச் சொல்வது, ஊசி போடும் இடத்தில் விழிப்போடு இரு, கேள்வி கேள், போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து குழந்தையைப் பார் என்பதுதான். ஊசியையே விட்டுவிடு என்று அது சொல்லவில்லை.

"இதில் ஹராமான பொருள் கலந்திருக்கிறதாமே?" என்று கேட்பவர்களுக்கும் நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். உலகிலேயே மிக அதிகமாக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவில், 2018 ஆகஸ்டில், இந்தியாவில் தயாராகி அங்கே சென்ற தட்டம்மை–ருபெல்லா ஊசியைப் பற்றி அந்நாட்டு உலமா கவுன்சில் ஆராய்ந்தது. அதன் தயாரிப்பில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் பயன்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டது. ஆனாலும், மாற்று ஊசி இல்லாத நிலையில், பிள்ளைகளின் உயிர் காக்கும் நிர்பந்தம் கருதி அதைப் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு என்று தீர்ப்பு வழங்கியது. மறைத்துப் பேசாமல் முழுவதையும் ஆராய்ந்து சொன்ன தீர்ப்பு இது. சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் இதை எடுத்துச் சொல்லிக் கேட்கட்டும்.

"விதித்தது நடக்கும், ஊசி எதற்கு?" என்பது இன்னொரு பேச்சு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து படையோடு திரும்பினார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அவர்களிடமே கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து இறைவனின் இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் அவர்கள் விடை சொன்னார்கள். பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனி நூல் எழுதி விளக்கியவர் அர்ராஸி. இப்படிப்பட்ட அறிவுப் பாரம்பரியத்தின் வாரிசுகள், வதந்திக்குப் பயந்து ஒதுங்குவதா? ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளை உறைக் காய்ச்சல் ஊசியை நாம் மறுக்காமல் போட்டுக்கொள்கிறோமே! பெரியவருக்கு ஆகும், பிள்ளைக்கு ஆகாதா?

வட இந்தியாவைப் பாருங்கள். 2006இல் நாட்டில் 676 பிள்ளைகளை இளம்பிள்ளை வாதம் முடக்கியது. பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அதிலும் முராதாபாத் போன்ற மேற்கு மாவட்டங்களில் முஸ்லிம் பிள்ளைகளே அதிகம். அங்கும் இதே வதந்தி ஒரு காரணம். பிறகு ஆலிம்கள் களமிறங்கினார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் ஜாமியா ஹம்தர்தும் துணை நின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொட்டு மருந்து அறிவிப்பு ஒலித்தது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் காட்டுப் போலியோ கிருமியால் இந்தியாவில் வந்த கடைசி நோய். 2014 மார்ச் 27இல் இந்தியா போலியோ ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றியில் நம் சமுதாயத்துக்கும் பங்கு உண்டு. அதைக் காப்பாற்றும் கடமையும் நமக்கு உண்டு.

கணக்கை எப்படி வைப்பது?

ஒன்று: தாய் சேய் நல அட்டையைப் பத்திரம் போல் பாதுகாத்து வையுங்கள். பத்திரமும் பாஸ்போர்ட்டும் இருக்கும் அதே பெட்டியில் அதுவும் இருக்கட்டும். தாய் வீட்டிலிருந்து குழந்தையைக் கூட்டி வரும் நாளில் தொட்டிலுக்கு முன்னால் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். இரு பக்கமும் நகல் எடுத்து ஒன்றைக் கடையில் வையுங்கள். செல்போனில் படம் எடுத்துத் தாய், தகப்பன் இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் இருக்கும் தகப்பனும் அப்போது தேதி பார்த்து நினைவூட்டலாம்.

இரண்டு: பிறந்த அன்றே எல்லாத் தேதிகளையும் கணக்கிட்டு எழுதுங்கள். ஜனவரி 1இல் பிறந்த குழந்தைக்குச் சாதாரண ஆண்டில் 6ஆம் வாரம் பிப்ரவரி 12, 10ஆம் வாரம் மார்ச் 12, 14ஆம் வாரம் ஏப்ரல் 9, ஒன்பது மாதம் அக்டோபர் 1, பதினாறு மாதம் அடுத்த மே 1. தமிழகத்தில் சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். எனவே கணக்கிட்ட தேதியிலோ அதை ஒட்டி வரும் அடுத்த புதனிலோ போக வேண்டும். வாடிக்கையாளருக்குக் கொடுக்க நீங்கள் அச்சடிக்கும் தினசரி காலண்டரில் ஒன்றை எடுத்து, இந்தத் தேதிகளில் சிவப்பு மையால் வட்டமிட்டு அடுப்படியில் மாட்டுங்கள்.

மூன்று: ஊர் மாறினால், வந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புறச் செவிலியரிடமோ அட்டையைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். கர்ப்ப காலத்தில் கொடுத்த பிக்மி எண் அதில் இருக்கும். மத்திய அரசின் 'யு-வின்' பதிவிலும் குழந்தையின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் பதிவானால் நாட்டின் எந்த ஊரிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செல்போனுக்கு நினைவூட்டலும் வரும். சரியான செல்போன் எண்ணைக் கொடுங்கள். சிம் மாற்றினால் அதையும் தெரிவியுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையின் பிந்தைய தவணைகளும் ஊசிக் கணக்கோடு இணைக்கப்பட்டவை என்பதை ஏழைச் சகோதரிகளுக்குச் சொல்லுங்கள்.

நான்கு: ஊசி போட்டதும் செவிலியரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இன்று போட்டது என்ன? அதனால் என்ன வரும்? வந்தால் என்ன செய்வது? அடுத்தது என்றைக்கு? பதிலை அட்டையில் எழுதி வாங்குங்கள். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருக்கும். உள் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்தாலோ அது வெப்பத்தில் கெட்டது என்று பொருள். இதைப் பார்த்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஐந்து: தவணை தவறிவிட்டதா? வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஏற்கெனவே போட்டவை வீணாவதில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பி.சி.ஜி.யை ஒரு வயது வரையிலும் தட்டம்மை–ருபெல்லாவை ஐந்து வயது வரையிலும் போட முடியும். பென்டாவேலன்டையும் ரோட்டாவையும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். எனவே தாமதம் வேண்டாம்.

ஆறு: சாதாரணச் சளி, லேசான காய்ச்சல் என்பதற்காகத் தவணையைத் தள்ளாதீர்கள். போடலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் வீக்கமும் வருவது இயல்பு. கடுங்காய்ச்சல், வலிப்பு, மூச்சுத்திணறல், நிறுத்தாத அழுகை என்றால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். சந்தேகம் கேட்கத் தமிழக அரசின் 104 தொலைபேசி இருக்கிறது. தனியார் மருத்துவரிடம் போடுபவர்கள் அங்கே ஒரு புத்தகம், இங்கே ஓர் அட்டை என்று இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் பதிய வையுங்கள்.

யார் என்ன செய்ய வேண்டும்?

தகப்பன்மார்களே! இது பெண்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். பச்சிளங் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மூத்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் தனியாகப் பேருந்து ஏற வேண்டுமா? பகல் ஷிப்ட் என்றால் முன்கூட்டியே மாற்றிக் கேளுங்கள். கடை என்றால் ஒரு காலை நேரம் தாமதமாகத் திறங்கள். வியாபாரம் மாலையில் திரும்பி வரும்.

வணிகப் பெருமக்களே! உங்கள் கடையில் வேலை செய்பவருக்கும் பிள்ளை இருக்கிறது. அரை நாள் போனால் அரை நாள் கூலி போகும் என்பதால்தான் அவர் போகவில்லை. குழந்தைக்கு ஊசித் தவணை உள்ள புதன்கிழமையில் இரண்டு மணி நேரம் கூலி பிடிக்காமல் அனுப்புங்கள். ஒரு குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் ஐந்தாறு முறைதான் இது வரும். ஜகாத்தும் ஸதகாவும் கொடுக்கும் கைகளுக்கு இது பெரிய செலவா?

இளைஞர்களே! இரத்த தானத்துக்கு ஓடி வருகிறீர்கள், வெள்ளத்தில் உதவப் படகு தள்ளுகிறீர்கள். இதையும் கையில் எடுங்கள். நம் ஜமாஅத்துகளில் நிக்காஹ் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது. அந்தத் தம்பதிகளுக்குப் பிறந்த பிள்ளைகளின் பட்டியல் இருக்கிறதா? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தெருவுக்கு இருவர் போதும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரும் அடுத்த தவணைத் தேதியும் அதில் இருக்கட்டும். பிள்ளை அகீகாவுக்கு அழைப்பு வரும்போதே பதிந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு தொலைபேசி: "பாய், நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஊசி." அவ்வளவுதான். மதம் பார்க்காமல், தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிருமி பெயர் கேட்டு வருவதில்லை.

இமாம்களும் நிர்வாகிகளும் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டே நிமிடம் இதைச் சொல்லட்டும். உங்கள் ஒரு வார்த்தை, நூறு வதந்திக்கு மருந்து.

அரசுக்கும் என்.எல்.சி. நிர்வாகத்துக்கும் நாம் வைக்கும் கோரிக்கை இது: நிலம் கொடுத்து இடம் பெயர்ந்த குடியிருப்புகளையும் ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகளையும் வீடு வீடாகக் கணக்கெடுத்து, விடுபட்ட பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். புதன் காலையில் வர முடியாத தொழிலாளர் குடும்பங்களுக்கு மாதம் ஒரு மாலை நேர முகாம் வேண்டும். எந்த ஊசியும் இருப்பு இல்லை என்று தாய்மார்களைத் திருப்பி அனுப்பும் நிலை வரக் கூடாது. இல்லை என்றால், எப்போது வரும் என்று தேதி எழுதிக் கொடுக்க வேண்டும். வதந்தி கிளம்பும்போது அதட்டாமல், ஜமாஅத்தை அழைத்து மருத்துவரே வந்து விளக்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல, வரி கட்டும் மக்களின் உரிமைகள்.

ஆனால், உரிமையைக் கேட்கும் குரலுக்கு வலிமை வர வேண்டுமானால், நம் கடமைக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். இன்று கடையடைத்து வீட்டுக்குப் போனதும் சாப்பிட உட்காரும் முன் அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள். எது போட்டாயிற்று, எது பாக்கி என்று நீங்களே படித்துப் பாருங்கள். பாக்கி இருந்தால் அடுத்த புதன்கிழமை போய்விடுங்கள். அட்டையே இல்லை என்றால் நாளைக் காலையே செவிலியரைப் பாருங்கள்.

பிள்ளை இறைவன் தந்த அமானிதம். அந்த அமானிதத்தைப் பற்றி நம்மிடம் கேட்கப்படும். கேட்கப்படும் நாளில், "வீட்டில் கேட்டால் தெரியும்" என்று சொல்ல முடியாது சகோதரர்களே!